எண்ணப்பட்ட பிள்ளைகள், எண்ணப்படாத காயங்கள்

1875 ஜனவரியில் ‘டைடோ’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஃபிஜியின் லெவுகா துறைமுகத்துக்கு வந்தது. தீவுகளைப் பிரிட்டிஷ் அரசிக்கு எழுதிக்கொடுத்து மூன்று மாதங்களே ஆகியிருந்த நிலையில், தலைவர் தாக்கொம்பாவ் சிட்னி போய்விட்டுத் தம் பிள்ளைகளோடு அந்தக் கப்பலில் திரும்பினார். சிட்னியில் அப்போது தட்டம்மை பரவியிருந்தது. கப்பலில் வந்தவர்களுக்கும் நோய் கண்டிருந்தது. ஆனாலும் நோய்க்கொடி ஏற்றப்படவில்லை, யாரும் ஒதுக்கி வைக்கப்படவில்லை. வரவேற்கத் திரண்ட தீவுத் தலைவர்கள் அம்மையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். சில மாதங்களுக்குள் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். அந்த மண்ணின் மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அது.

சாவு அதோடு நிற்கவில்லை. 1881 கணக்கெடுப்பில் 1,14,748 ஆக இருந்த ஃபிஜியப் பூர்வகுடிகள், அதாவது இதௌக்கே மக்கள், 1901இல் 94,397 ஆகக் குறைந்தார்கள். இனமே அழிந்துவிடும் என்று குடியேற்ற அரசு கவலைப்பட்டது. 1893இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கார்னி, ஸ்டுவர்ட், பேசில் தாம்சன் என்ற மூன்று அதிகாரிகளும் 1896இல் ஒரு பெரிய அறிக்கையைக் கொடுத்தார்கள். தீவு மக்கள்தொகையைப் பற்றிய முதல் பெரிய ஆவணங்களில் ஒன்றான இதைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு மனம் கனக்கும். கொள்ளைநோய்களை அறிக்கை மறைக்கவில்லை. ஆனால் அதன் சுட்டுவிரல் மீண்டும் மீண்டும் போய் நிற்பது தாய்மார்களின் மேல்தான். பிள்ளை வளர்ப்பில் அசட்டை, பால் கொடுக்கத் தெரியாமை, கருக்கலைப்பு, கர்ப்ப காலத்தில் கடும் வேலை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. நோயைக் கொண்டுவந்தது கப்பல். விசாரணைக் கூண்டில் ஏற்றப்பட்டவள் தாய்.

இதே மக்களிடம் பிறப்புகளுக்கு இடைவெளி விடும் முறை ஒன்று முன்பே இருந்தது. குழந்தை தாய்ப்பால் குடிக்கும் வரை கணவன் விலகியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல். ஆண்கள் பொதுக் குடிலில் உறங்கினார்கள். அதனால் அந்த விதியைக் காப்பது எளிதாக இருந்தது, ஊரும் கண்காணித்தது. மதப் பரப்புரையாளர்கள் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதே நல்ல கிறிஸ்தவ இல்லறம் என்று கற்பித்தார்கள். பொதுக் குடில் பழக்கம் தளர்ந்தது. பிரசவங்கள் நெருங்கி வந்தன. தாயும் சேயும் நலிந்தார்கள். தாம்சனே 1908இல் எழுதிய நூலில் இந்தப் பழைய கட்டுப்பாடு சிதைந்ததை விரிவாகச் சொல்கிறார். பழைய முறையைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தலைவர்களுக்குப் பல மனைவியர் இருந்த சமூகம் அது. பெண்ணின் விருப்பத்துக்கு அங்கேயும் பெரிய இடம் இல்லை. ஆனால் இருந்த ஒரு பாதுகாப்பை உடைத்துவிட்டு, உடைந்ததற்குப் பெண்ணையே பொறுப்பாக்கியது அநியாயம்.

1908இல் பூர்வகுடிப் பெண்களுக்கு மகப்பேறு செவிலியர் பயிற்சி தொடங்கியது. உருப்படியான வேலை அது. பூர்வகுடிகளின் எண்ணிக்கை 1921 வரை குறைந்துகொண்டே வந்து, பிறகுதான் மெல்ல ஏறியது.

பூர்வகுடிகளின் உழைப்பைத் தோட்டங்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த ஆளுநர் கார்டன், கரும்புக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார். 1879இல் ‘லியோனிடாஸ்’ கப்பலில் தொடங்கி 1916 வரை 60,000க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளுமாக அப்படிப் போனவர்கள் சுமார் 15,000 பேர். அவர்கள் ‘அக்ரிமென்ட்’டைக் ‘கிர்மித்’ என்றார்கள். வெள்ளைக்கார மேற்பார்வையாளன் ‘கொலம்பர்’. அவனுக்குக் கீழே இந்திய ‘சர்தார்’.

இங்கேயும் மக்கள்தொகை ஒரு விதியாகத்தான் பெண்ணைத் தொட்டது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலேற வேண்டும் என்பது அரசின் விகிதம். ‘லைன்’ எனப்பட்ட நீளக் கொட்டடிகளில் ஓர் அறை 10 அடி நீளம், 7 அடி அகலம். அதில் ஒரு குடும்பம், அல்லது மூன்று ஆண்கள். அடுப்பும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. அறைகளுக்கிடையே இருந்த தடுப்பு கூரை வரை எழவில்லை. ஒரு அறையில் அழுதால் அடுத்த அறையில் கேட்கும். கேட்டும் யாரும் வர மாட்டார்கள். ஆணுக்கு நாள் வேலைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அந்தக் கூலியும் சர்தார் அளந்து கொடுக்கும் வேலையை முடித்தால்தான். பிள்ளை பெற்றவள் சில வாரங்களிலேயே கைக்குழந்தையை வயலோரம் கிடத்திவிட்டுக் களை வெட்டினாள். சர்தாருக்கோ கொலம்பருக்கோ இணங்காதவளுக்குக் கடுமையான வேலை ஒதுக்கப்பட்டது. இணங்கியவள் லைனில் இழிசொல் கேட்டாள். தோட்டங்களில் கொலையுண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1913 ஏப்ரலில் ரேவா பகுதியில் குந்தி என்ற தொழிலாளிப் பெண்ணைத் தனியாக ஒரு வாழைத் தோட்டத்தில் வேலைக்கு நிறுத்தினார்கள். கொலம்பர் அவளிடம் அத்துமீற முயன்றான். அவள் திமிறி ஓடி ஆற்றில் குதித்தாள். தோணியில் இருந்த ஒரு சிறுவன் காப்பாற்றினான். அவளுடைய வாக்குமூலம் ‘பாரத் மித்ரா’ பத்திரிகையில் வெளியானபோது இந்தியா கொதித்தது. ஃபிஜி அதிகாரிகள் செய்த விசாரணையில் அவள் பொய் சொல்கிறாள், ஒழுக்கமில்லாதவள் என்று எழுதி முடித்தார்கள். தோட்டங்களில் தற்கொலை பெருகியதற்கும் அவர்கள் அதே காரணத்தைத்தான் வைத்திருந்தார்கள்: பெண்கள் குறைவு, இருப்பவர்கள் ஒழுங்கீனமானவர்கள், ஆகவே ஆண்கள் பொறாமையில் சாகிறார்கள். ஃபிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் 1980களில் இந்த வாதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வேலைச்சுமை, வேரற்ற வாழ்வு, சாதியும் உறவும் அறுந்துபோன தனிமை எல்லாவற்றையும் மூடிவைக்கும் திரையாகப் பெண்ணின் ஒழுக்கம் பயன்பட்டது என்பது அவர் முடிவு. தமிழ் வாசகருக்கு இந்தக் கதை பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடல் வழியாக நெஞ்சில் பதிந்தது. நாம் அந்தப் பாட்டோடு நின்றுவிட்டோம். அந்தப் பெண்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள் காலத்தில் என்ன நடந்தது என்று நம்மில் அதிகம் பேர் கேட்கவில்லை.

ஒப்பந்த முறை 1920 ஜனவரி 1இல் முடிவுக்கு வந்தது. அடுத்த தலைமுறையில் காற்று திசை மாறியது. 1946 கணக்கெடுப்பில் இந்தியர்கள் 1,20,414, பூர்வகுடிகள் 1,18,070. சுமார் இரண்டாயிரம் பேர் வித்தியாசம்தான். அந்த இரண்டாயிரம் அடுத்த அரை நூற்றாண்டு அரசியலைத் தீர்மானித்தது. முன்பு பூர்வகுடித் தாய் பெறாததும் காப்பாற்றாததும் குற்றமாக இருந்தது; இப்போது இந்தியத் தாய் பெறுவது அச்சமாயிற்று. 1959இல் சர் ஆலன் பர்ன்ஸ் தலைமையில் வந்த ஆணையம் தீவுகளின் இயற்கை வளத்தையும் மக்கள்தொகைப் போக்கையும் ஒன்றாக ஆராய்ந்தது. 1962இல் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது.

இந்தியப் பெண்கள் அதை வேகமாக ஏற்றுக்கொண்டார்கள். பெண்களின் திருமண வயது உயர்ந்தது, பள்ளிப்படிப்பு வந்தது, குத்தகை நிலத்தைப் பங்கு போட முடியாத நெருக்கடி இருந்தது. பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டே போய், 2007 வாக்கில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருத்திக்குச் சராசரியாக 2 குழந்தைகளுக்கும் குறைவு என்ற நிலை வந்தது. பூர்வகுடிப் பெண்களுக்கு அது 3க்கும் மேல். இதற்கிடையில் 1987 ராணுவப் புரட்சிக்குப் பின் இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். 1986இல் நாட்டில் பாதிக்கு அருகில், 48.7 சதவீதமாக இருந்தவர்கள் 2007இல் 37.5 சதவீதம் ஆனார்கள். எந்த இனம் எத்தனை பெற்றது என்று ஒரு நாடு இவ்வளவு கூர்ந்து கணக்குப் பார்த்திருக்கிறது. பெற்றவள் வீட்டுக்குள் எப்படி நடத்தப்பட்டாள் என்பதற்கு அந்த ஏடுகளில் ஒரு பத்திகூட இல்லை.

அந்தக் கணக்கைத் தொடங்கியவர்கள் பெண்களே. 1984இல் சுவாவில் ஒரு சிறு குழு ஃபிஜி மகளிர் நெருக்கடி மையத்தைத் தொடங்கியது. ஷமீமா அலி அதன் ஒருங்கிணைப்பாளராகப் பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். இதௌக்கே பெண்களும் இந்திய வம்சாவளிப் பெண்களும் ஒரே வாசலில் வந்து உட்கார்ந்த இடம் அது. இனத்தால் பிளந்த நாட்டில் இது சாதாரணமில்லை. 2010–11இல் அந்த மையம் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது.

அந்த முறையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். கேட்பவரும் பெண். ஊரில் சொல்லும்போது ‘பெண்கள் உடல்நலம், வாழ்க்கை அனுபவம்’ பற்றிய ஆய்வு என்பார்கள். வன்முறை என்ற சொல் வெளியே வராது. தனியிடம் பார்த்து உட்காருவார்கள். மாமியாரோ கணவனோ திடீரென்று வந்துவிட்டால் கேள்வியாளர் அடுத்த நொடியே மாதவிலக்கு, குழந்தைக்குத் தடுப்பூசி என்று பேச்சை மாற்றிவிட வேண்டும். அதற்கென்றே வேறொரு கேள்வித்தாள் தயாராக இருக்கும். பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள தீவுக் கிராமத்தில் ஒருத்தி அரை மணி நேரம் யாரோடு பேசினாள் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரியும். அந்த இடத்தில் உண்மையைக் கேட்டு வாங்க இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுகிறது.

கிடைத்த உண்மை இது. கணவன் அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களில் 64 சதவீதம் பேர் வாழ்நாளில் அவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ தாக்கப்பட்டிருந்தார்கள். உலக அளவில் இது மூன்றில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. கர்ப்பமாக இருக்கும்போதே அடிவாங்கியவர்கள் 15 சதவீதம். வன்முறையை அனுபவித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதுவரை யாரிடமும் வாய்திறக்கவில்லை.

கர்ப்பத்தில் அடி என்ற அந்த ஒற்றை எண்ணில்தான் மகப்பேறு நலமும் வன்முறையும் மக்கள்தொகையும் ஒரே இடத்தில் முடிச்சிட்டுக் கொள்கின்றன. வயிற்றில் விழும் உதை கருச்சிதைவாகலாம், குறைமாதப் பிரசவமாகலாம். அடிபட்டவள் காயம் தெரியக்கூடாதென்று பரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறாள். ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் கவனிக்கப்படாமல் போகின்றன. கட்டாயப்படுத்தும் கணவனிடம் ஆணுறை பற்றிப் பேச முடியாது. கருத்தடை மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க ஒற்றையறை வீட்டில் இடமில்லை. வீட்டுக்குத் தெரியாமல் கருத்தடை செய்ய விரும்புகிறவளுக்கு மூன்று மாத ஊசிதான் வழி, ஏனென்றால் அது சுவடு விடாது. ஆனால் ஊசி போடும் செவிலி கணவனின் சித்தி மகளாக இருக்கலாம். ‘கருத்தடைப் பயன்பாடு குறைவு, விழிப்புணர்வு போதாது’ என்று அறிக்கைகள் எழுதுகின்றன. அந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வு நிறையவே இருக்கிறது. பயமும் இருக்கிறது.

தீவு என்ற நில அமைப்பு இதைக் கடினமாக்குகிறது. 330க்கும் மேற்பட்ட தீவுகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் மக்கள் வாழ்கிறார்கள். கிராமத்துக்குச் செவிலியர் நிலையம், அதற்கு மேல் சுகாதார மையம், வட்டார மருத்துவமனை. சிக்கலான பிரசவம் என்றால் சுவா, லௌடோகா, லம்பாசா ஆகிய மூன்று பெரிய மருத்துவமனைகள். லாவ் தீவுக்கூட்டத்திலோ ரொட்டுமாவிலோ உள்ள கர்ப்பிணிக்குச் சிக்கல் இருக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே படகேற்றிப் பெரிய தீவில் உறவினர் வீட்டில் தங்கவைப்பார்கள். அடியிலிருந்து தப்ப நினைப்பவளுக்கும் அதே படகுதான். கட்டணம் கணவன் கையில். படகோட்டி அவன் உறவு.

அதற்காக இதைத் தீவின் தலையெழுத்து என்று ஏற்க முடியாது. இதே முறையில் நடந்த ஆய்வுகள் கிரிபாட்டியில் 68 சதவீதம், சாலமன் தீவுகளில் 64, வனுவாட்டுவில் 60 என்று காட்டின. பலாவுவில் 25தான். அதுவும் சின்னஞ்சிறு தீவு நாடு. அங்கே குலமும் நிலமும் தாய்வழியில் வருகின்றன. பெண்களின் சபை ஆண் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது, நீக்கவும் செய்கிறது. தாய்வழி மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நிலத்தில் உரிமையும் சபையில் குரலும் உள்ளவள் மேல் கை ஓங்கத் தயக்கம் வரும் என்பதை என்னால் நம்ப முடிகிறது.

ஃபிஜியில் நிலம் கூட்டாகத் தந்தைவழிக் குலத்துக்கு. ஊரின் மானமும் அப்படியே. தவறு செய்தவனின் குலத்தார் திமிங்கிலப் பல்லாலான ‘தம்புவா’வை ஏந்திவந்து, பாதிக்கப்பட்டவரின் குலத்தார் முன் மன்னிப்புக் கேட்கும் ‘புலுபுலு’ சடங்கு அழகானது. சண்டையிட்ட இரு ஊர்களைச் சேர்த்துவைக்கும் வல்லமை அதற்கு உண்டு. வன்புணர்வு வழக்குகளிலும் அதைக் கொண்டுவந்தபோதுதான் கேடு விளைந்தது. பல்லை வாங்கிக்கொள்பவர் அப்பாவோ பெரியப்பாவோ. மன்னித்தாயிற்று என்று சொல்பவரும் அவரே. நீதிமன்றம் அதைக் கணக்கில் கொண்டு தண்டனையைக் குறைத்த வழக்குகள் உண்டு. பெண்ணுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை 1995இல் ஏற்ற ஃபிஜியிடம், அந்த உடன்படிக்கையின் குழு 2002இல் இதைப் பற்றி நேரடியாகக் கேட்டது.

சட்டம் மெல்ல நகர்ந்தது. 1995இல், குடும்ப வன்முறைப் புகாரைச் சமரசம் என்ற பெயரில் கைவிடக் கூடாது என்று காவல்துறை கொள்கை வகுத்தது. 2003இல் குடும்பச் சட்டம் வந்தது. பாலியல் வழக்கில் பெண்ணின் சாட்சியத்தை வேறொரு ஆதாரம் இல்லாமல் நம்புவது ஆபத்து என்ற பழைய ஆங்கிலேய விதியை 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கியெறிந்தது. 2009இல் குடும்ப வன்முறைத் தடைச் சட்டம். பாதுகாப்பு ஆணை பெறும் வழி திறந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் மகளிர் அமைப்புகளின் உழைப்பு இருக்கிறது. ஆனால் ஆணையைக் கொடுக்கும் நீதிபதி கடலுக்கு அப்பால் இருக்கிறார்; அதைக் காக்க வேண்டிய காவலர் பல தீவுகளில் இல்லவே இல்லை.

பேரிடர் வந்தால் இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 உயிர்களை வாங்கியது. சுகாதார நிலையங்கள் பல சேதமாயின. முகாம்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் தனியிடம் வேண்டும் என்பதைப் பெண்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரியில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1560க்கு 87 அழைப்புகள் வந்தன. கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு ஏப்ரலில் 527.

இப்போது எச்.ஐ.வி. 2024இல் மட்டும் 1,583 புதிய தொற்றுகள். ஒன்பது லட்சம் பேர் கொண்ட நாட்டில் அது பேரளவு. 2025 ஜனவரியில் அரசு நோய்ப்பரவலை அறிவித்தது. போதை ஊசியைப் பகிர்வது பெரிய காரணம். கணவனுக்குத் தொற்றினால் ஆணுறையைக் கேட்க முடியாத மனைவிக்கும், அவள் வழியாகக் கருவிலிருக்கும் பிள்ளைக்கும் பரவும். தொற்று தெரிந்தால் அடி விழும் என்று அஞ்சிப் பரிசோதனைக்கே போகாதவளை எந்த மருந்தும் காப்பாற்றாது.

2023இல் ஃபிஜி அரசு, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஐந்தாண்டு தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. பசிபிக் தீவு நாடுகளில் அதுவே முதல். தேவாலயம், பள்ளி, விளையாட்டுக் களம், பணியிடம் என்று எல்லா இடத்தையும் அது பேசுகிறது. நல்ல திட்டம். ஆனால் அதைத் தாங்க வேண்டிய தோள், கிராமச் செவிலியின் தோள். வெட்டுக்காயத்தைத் தைப்பவளும் கருத்தடை ஊசி போடுபவளும் பிரசவம் பார்ப்பவளும் அவளே. எங்கே விழுந்தாய் என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் கதவைச் சாத்தி மறுபடி கேட்க வேண்டியவளும் அவளே. அப்படிக் கேட்கப் பயிற்சி வேண்டும், ரகசியம் காக்கச் சட்டப் பாதுகாப்பு வேண்டும், சொந்த ஊரிலேயே பணியமர்த்தாத விதி வேண்டும். இவற்றையெல்லாம் செய்வதற்குள், கூடுதல் சம்பளம் தேடி அனுபவமுள்ள செவிலியர் நூற்றுக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விட்டார்கள்.

இங்கே தமிழருக்கு நேரடியான ஓர் இடம் உண்டு. சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களின் வழிவந்தோரும் 1926இல் சாது குப்புசாமி தலைமையில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார்கள். பள்ளிகளை நடத்திவரும் அந்தச் சங்கம் லம்பாசாவில் செவிலியர் கல்லூரியும் நடத்துகிறது. அங்கே படித்து வரும் பெண்கள் இன வேறுபாடு பார்க்காமல் தீவுகளின் செவிலியர் நிலையங்களில் வேலை செய்கிறார்கள். தமிழகத்தின் மருத்துவக் கல்வி நிறுவனங்களும் தமிழ் அமைப்புகளும் ஃபிஜித் தமிழரோடு உறவு என்றால் கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரக் குழுவை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வன்முறைக்கு ஆளான பெண்ணைக் கண்டறிந்து கவனிக்கும் பயிற்சியை அந்தக் கல்லூரியோடு சேர்ந்து கட்டமைக்க முன்வரட்டும்.

மக்கள்தொகை அறிக்கை எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிறப்பு விகிதம், கருத்தடைப் பயன்பாடு, பதின்வயதுக் கர்ப்பம் என்று போடுகிற அட்டவணையில் கர்ப்பத்தில் அடிபட்ட பெண்களின் விகிதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதை ஒவ்வொரு கணக்கெடுப்புச் சுற்றிலும் தவறாமல் நிரப்புங்கள்.